புனிதவதி, பேய், அம்மை: மூன்று பெயர்களைப் பற்றிய ஓர் ஆராய்ச்சி

ஒருவர் தம் வரலாற்றைத் தாமே கூறுதலும், அவர் வரலாற்றைப் பிறர் கூறுதலும் இலக்கியத்தின்கண் வேறு வேறு நெறியின. முன்னதில் ‘யான்’ என்னுஞ் சொல் தலைமை பெறும்; பின்னதில் ‘அவர்’ என்னுஞ் சொல் தலைமை பெறும். ஒருவர் யார் என்னும் வினாவிற்கு இவ்விரண்டும் ஒரே விடை பகருமோ, அன்றி மாறுபடுமோ என்பது ஆராய்தற்குரியது. ஆணென்றும் பெண்ணென்றும், இன்ன குலமென்றும், இன்ன ஊரென்றும் உலகம் ஒருவர்க்கு இடும் அடையாளங்கள் எத்துணையளவு அவர்தம் உயிர்க்கு உரியன என்பதும் அதனோடு சேர்ந்து எழும் வினாவாம். திருமுறைகளுள் இவ்விரு வினாக்களுக்கும் ஒருங்கே இடந்தருவது காரைக்காலம்மையார் வரலாறு. அம்மையார் தம்மைப்பற்றித் தாமே பாடியதும் உளது. சேக்கிழார் பெருமான் அவரைப்பற்றிப் பாடியதும் உளது. இரண்டனையும் ஒப்பவைத்துக் காண்டலே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வாராய்ச்சியில் யாம் புகுந்ததற்கு ஒரு காரணம் உண்டு. சில யாண்டுகட்கு முன் ஒரு விரிவுரை அவையில் அம்மையார் புராணத்தை யாம் எடுத்து விளக்கினேம். முடிவில் மாணவி ஒருவர் எழுந்து, “ஐயா, அம்மையார் பெண்ணுடம்பைக் கழித்த பின்னரன்றோ கயிலை சென்றார்? அங்ஙனமாயின் அருள் பெறுதற்குப் பெண்மை தடையென்பது கருத்தா?” என்று வினவினார். யாம் அப்பொழுது, உடம்பு இழிவுடையது, அதனிலும் அழகு மயக்குவது, ஆதலின் அம்மையார் அதனை விட்டனர் என்று கூறி அமர்ந்தேம். அவ்விடை நூலின்கண் உள்ளதன்று. எம் வாய்க்கு எளிதாய் வந்தது. அம்மாணவி மறுமொழி கூறாது அமர்ந்தார். அவர் வினாவிற்கு உரிய விடையைச் சேக்கிழார் வாக்கினும் அம்மையார் வாக்கினும் தேடியதன் பயனே ஈண்டு எழுதப்படுகின்றது.

புனிதவதி என்னும் பெயர்

பெரியபுராணத்துள் காரைக்காலம்மையார் புராணம் 66 திருவிருத்தங்களால் இயன்றது. காரைக்காலில் வணிகர் தலைவனாகிய தனதத்தனுக்கு மகளாய்ப் பிறந்து, புனிதவதியார் எனப் பெயர் பெற்று, நாகப்பட்டினத்து நிதிபதி மகனாகிய பரமதத்தனுக்கு மனைவியாயினார் என்பது அதன் தொடக்கம். மாங்கனி வரலாறும், பரமதத்தன் அஞ்சிக் கலமேறிச் சென்றதும், பாண்டி நாட்டுப் பட்டினம் ஒன்றில் வேறொருத்தியை மணந்து மகவு பெற்றதும் யாவரும் அறிந்தனவே. அவற்றை விரித்தல் வேண்டா. ஒன்றுமட்டும் ஊன்றி நோக்கத்தக்கது. பரமதத்தன் தன் மகளுக்குப் புனிதவதி என்றே பெயரிட்டான். உறவினர் அம்மையாரைச் சிவிகையில் ஏற்றி அவ்வூர் கொணர்ந்தபொழுது, அவன் மனைவியோடும் மகவோடும் வந்து அடிவீழ்ந்து வணங்கி, அம்மையார் மானிடரல்லர், தெய்வம் என்றான்; அதனாற்றான் மகவுக்கு அப்பெயர் இட்டதாகவும் கூறினான்.

இவ்விடத்தே நிகழ்ந்தது யாது? பெற்றோர் இட்ட பெயர் அம்மையாரை விட்டு நீங்கி வேறொரு குழந்தையைச் சென்றடைந்தது. கணவன் என்பான் அடியவனாய் மாறியதனால் மனைவி என்னும் முறைப்பெயரும் அப்பொழுதே நீங்கிற்று. உலகம் இட்ட அடையாளம் ஒவ்வொன்றாகக் கழலுதலைச் சேக்கிழார் இங்ஙனம் ஒரே நிகழ்ச்சியில் அமைத்துக் காட்டுகின்றார். இதன் பின்னரே அம்மையார் வேண்டுகோள் வருகின்றது.

பரமதத்தனைக் கொடியவனாகச் சேக்கிழார் யாண்டும் கூறிற்றிலர். அவன் அஞ்சினான், அச்சத்தால் அகன்றான், ஆயினும் இகழ்ந்திலன். இல்லறம் என்னும் சிறையினின்று பெண்ணொருத்தி விடுதலை பெற்ற கதையே இஃதென இக்காலத்தார் சிலர் உரைப்பதற்கு நூலில் இடம் இல்லை. கணவன் வரவை எதிர்நோக்கி இல்லறம் வழுவாது அம்மையார் வாழ்ந்தனர் என்பதே நூற்கருத்து. பெண்மை இழிவென்பாரும் இல்லறம் சிறையென்பாரும் எதிரெதிர்த் திசையில் நிற்பினும், நூலைக் கேளாது தம் கருத்தை அதன்மேல் ஏற்றுவதில் ஒத்தவரே.

வேண்டுகோளின் பொருள்

இனி, அம்மையார் வேண்டியது யாது? கணவன் கருத்து இதுவாயிற்று என்று துணிந்து, அவன்பொருட்டுத் தாம் சுமந்திருந்த, அழகு தங்கிய ஊன்சுமையை நீக்கி, இறைவன் திருவடியைப் போற்றும் பேய்வடிவினைத் தமக்கு அருளல் வேண்டும் என்பதே வேண்டுகோள். இதன்கண் ‘அவன்பொருட்டு’ என்னும் கருத்தே உயிர்நிலை. உடம்பு இழிவுடையது ஆதலின் நீக்குக என்று அம்மையார் கூறிற்றிலர். பெண்ணுடம்பு தடையாகும் ஆதலின் நீக்குக என்றும் கூறிற்றிலர். ஒரு கடமையின்பொருட்டுத் தாங்கிய சுமை, அக்கடமை முடிந்தவிடத்து இறக்கப்படுகின்றது. அவ்வளவே.

சித்தாந்த நூற்கருத்தும் இதற்கு அரண் செய்யும். தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கும் மாயையினின்று உயிர்கட்கு இறைவனால் தரப்படுவன. ஆணவ இருளில் அழுந்திய உயிர்க்கு மாயையின் காரியமாகிய உடம்பு, விடியுமளவும் உதவும் விளக்கினை ஒக்கும் என்பது உமாபதிசிவனார் திருவருட்பயனுள் காட்டிய உவமை. விடியற்காலத்து விளக்கை அணைப்பவர் அவ்விளக்கைப் பகைத்து அணைப்பவரல்லர். பகலவன் ஒளி வந்தமையின் அதன் தொழில் முடிந்தது எனக் கருதி அணைப்பவர். ஆண்மகன் கையில் உள்ள விளக்கும் பெண்மகள் கையில் உள்ள விளக்கும் விளக்கே. ஒன்று விடியலைத் தடுக்கும், மற்றொன்று தடுக்காது என்பது எங்ஙனம் பொருந்தும்?

மெய்கண்டார் சிவஞானபோதத்து முதற் சூத்திரத்தில் உலகினை ஆண், பெண், அஃறிணை என மூவகைப்படுத்து, அது தோன்றி நின்று ஒடுங்கும் தன்மையது ஆதலின் அதற்கு ஒரு முதல்வன் வேண்டும் என்று நிறுவினார். ஆண் பெண் என்னும் பகுப்பு அவர் நூலில் தோன்றி ஒடுங்கும் உலகின் பக்கத்தே நிற்கின்றது. என்றும் உள்ளதாகிய உயிரின் பக்கத்தே நிற்கவில்லை. ஆதலின் உயிர்க்கு வீடுபேறு கூறுமிடத்துப் பாற்பகுப்பைத் தடையாகக் கூறுதல் முதற் சூத்திரத்தோடு முரணும்.

பேய் என்னும் பெயர்

இனி அம்மையார் தம்மைப்பற்றித் தாமே கூறியதை நோக்குவாம். அவர் அருளியவை பதினோராந் திருமுறையுள் சேர்ந்துள்ளன. திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்கள் இரண்டு, திருவிரட்டைமணிமாலை, அற்புதத் திருவந்தாதி என்பன அவை. பாடல்களின் தொகை 143. ஏறத்தாழ 6-ஆம் நூற்றாண்டினர் அம்மையார் என்பது ஆராய்ச்சியாளர் பலர் கொள்கை. அங்ஙனமாயின், 12-ஆம் நூற்றாண்டினராகிய சேக்கிழார்க்கும் அவர்க்கும் இடையே ஆறு நூற்றாண்டு இடைவெளி உளது.

அந்நூல்களைக் கற்பார்க்கு வியப்புத் தருவது ஒன்று. அவற்றுள் மாங்கனி இல்லை, பரமதத்தன் இல்லை, தனதத்தன் இல்லை, புனிதவதி என்னும் பெயரும் இல்லை. திருப்பதிகங்கள் இரண்டன் திருக்கடைக்காப்பினும், அந்தாதியின் இறுதி வெண்பாவினும் அம்மையார் தம்மைக் காரைக்காற்பேய் என்றே குறித்தனர். பிறந்த ஊரை விட்டாரல்லர். பிறந்தபோது இட்ட பெயரை விட்டனர். ஊர்ப்பெயரோடு, தாம் வேண்டிப் பெற்ற வடிவின் பெயரைச் சேர்த்துத் தமக்குப் புதியதொரு பெயரைத் தாமே அமைத்துக்கொண்டனர்.

அடியார் உலகமும் அப்பெயரையே முதலில் ஏற்றது. சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருத்தொண்டத்தொகையுள் அம்மையாரைப் பேயார் என்றே வணங்கினர். அச்சொல்லில் ஆண்பால் விகுதியும் இல்லை, பெண்பால் விகுதியும் இல்லை. பன்மையாகிய உயர்வுச் சொல்லே உளது. அத்தொகையை மட்டும் கற்பான் ஒருவன் பேயார் ஆடவரோ மகளிரோ என அறியான். பின்னர் நம்பியாண்டார் நம்பிகள் திருத்தொண்டர் திருவந்தாதியில் ஒரு பாடலால், அம்மையார் கயிலைமலையைக் காலால் மிதியாது தலையால் நடந்ததனையும், இறைவன் அவரை அம்மை என அழைத்ததனையும் கூறினர். அதன்பின்னரே சேக்கிழார் 66 திருவிருத்தங்களில் முழு வரலாறு அருளினார். தாமே கூறியதினின்று பிறர் கூறியது இங்ஙனம் படிப்படியாக விரிந்தது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

அற்றேல், அம்மையார் பேய் என்று தம்மைக் கூறியது பெண் என்னும் அடையாளத்தை முற்றும் துடைத்தற்கோ எனின், அன்று. இவ்விடத்தே முதல் மூத்த திருப்பதிகம் நமக்கு ஆசானாய் நின்று திருத்துகின்றது. அப்பதிகத்தின் முதற்பாடல் ஆலங்காட்டில் வாழும் பேயொன்றன் வடிவைக் கூறுகின்றது. வற்றிய கொங்கை, எழுந்த நரம்பு, குழிந்த வயிறு, சிவந்த தலைமயிர், நீண்ட பல் என்று உறுப்புறுப்பாக எண்ணி, முடிவில் அதனைப் பெண்பேய் என்றே அம்மையார் பெயர் சுட்டுகின்றார். பெண்மையை மறைத்தல் கருத்தாயின் அச்சொல் அங்கு வேண்டுவதில்லை. உலகம் பெண்ணிடத்து மதிக்கும் அழகு கழிந்தது. பெண் என்பது கழிந்திலது. அழகும் பெண்மையும் ஒன்றெனக் கொள்ளும் உலக வழக்கினையே அப்பாடல் அறுக்கின்றது.

சிற்பிகளும் இதனை உணர்ந்தனர். முதல் இராசேந்திரன் எடுத்த கங்கைகொண்ட சோழபுரத்துத் திருக்கோயிலில் ஆடவல்லான் திருவடிக்கீழ் அம்மையார் என்பெழுந்த உருவொடு தாளமிட்டுப் பாடி அமர்ந்துள்ளனர். கடல் கடந்த கம்போதியாவில், 967-ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற பந்தியாய் சிறீ கோயிலிலும் ஆடும் சிவபெருமான் அருகே வற்றிய கொங்கையொடு அமர்ந்த உருவினை அறிஞர் அம்மையார் என்றே கொள்வர். யாண்டும் அவர் பெண்ணுருவாகவே காட்டப்பட்டனர். யாண்டும் அழகியாகக் காட்டப்பட்டிலர்.

குரலும் உடம்பும்

இத்துணையும் கூறியவாற்றான் மற்றொரு வினா எழும். பாடலில் கேட்கப்படும் குரல் பாடியவர் உடம்பின் பாலைத் தொடர்ந்தே வருமோ? நம் திருமுறைகள் அங்ஙனம் வருதல் வேண்டும் என்னும் நியதியை ஏற்றில. அப்பரடிகள் திருவாரூர்த் திருத்தாண்டகம் ஒன்றில், இறைவன் பெயரைக் கேட்டுப் பின் அவன்பாற் பித்தாகித் தன்னையே மறந்த ஒரு பெண்ணின் வரலாற்றைப் பாடினர். மணிவாசகர் திருவெம்பாவையில் நீராடச் செல்லும் மகளிர் வாயாற் பேசினர். ஆடவர் பெண்குரல் மேற்கொண்டு தம்மை இறைவற்கு ஆளாக்கிய நெறி இது. ஆயின் பிறப்பாற் பெண்ணாகிய அம்மையார் தலைவியாய் நின்று இறைவனைத் தலைவன் எனக் கூவும் நெறியைத் தமக்கு உரியதாகக் கொண்டிலர். அடிமை என்றும் பேய் என்றும் நின்றே பாடினர்.

இது யாதனால்? உயிர் தான் சார்ந்ததன் வண்ணமாம் என்பது சித்தாந்தம். பளிங்கு அருகிலுள்ள பொருளின் நிறத்தை ஏற்றாற்போல உயிர் மலத்தைச் சார்ந்துழி மலமாயும், சிவத்தைச் சார்ந்துழிச் சிவமாயும் விளங்கும். அப்பரும் மணிவாசகரும் அன்பின் முதிர்வால் பெண்குரலைச் சார்ந்தனர். அம்மையார் ஆடலரங்காகிய சுடுகாட்டைச் சார்ந்து அதன் குடிகளுள் ஒருவராயினர். சார்பு வேறு, சார்ந்தாரை ஏற்ற திருவடி ஒன்றே. ஆதலின் ஒருவரின் உண்மையான அடையாளம் அவர் பிறந்த வகையில் இல்லை, அவர் எதனைச் சார்ந்து நிற்கின்றார் என்பதில் உளது என்பதே நூற்றுணிபாம்.

அற்றேல் ‘யான்’ என்னுஞ் சொல்லை அம்மையார் பாடல்கள் பலவிடத்தும் ஆள்வது யான் எனது என்னும் செருக்கு ஆகாதோ எனின், ஆகாது. அந்தாதியின் முதற்பாடலை நோக்குக. பிறந்து மொழி பயின்ற நாள் தொட்டே நின் திருவடியைச் சேர்ந்தேன், என் இடரை என்று தீர்ப்பாய் என்பது அதன் கருத்து. சேக்கிழார் கூற்றின்படி பேய்வடிவு பெற்றபின் பாடியதே அவ்வந்தாதி. ஊனுடம்பை உதறியவர் தம் முதற்சொல்லாக எடுத்தது மழலை பயின்ற குழந்தைப் பருவத்தை. வடிவு மாறிற்று, அன்பு செய்யும் ‘யான்’ மாறிற்றிலது. அடுத்த பாடலில், இறைவன் இடரைக் களையாவிடினும், இரங்காவிடினும், வழி காட்டாவிடினும் தம் அன்பு அறாது என்கின்றார். தனக்கென ஒன்றும் வேண்டாது அன்பு மட்டுமே எஞ்சி நிற்கும் இந்த ‘யான்’ ஆணவத்தின் வாயிலிருந்து வருவதன்று. தொண்டின் வாயிலிருந்து வருவது.

அம்மை என்னும் பெயர்

பேய்வடிவுடன் அம்மையார் வடதிசை நோக்கிச் சென்றபொழுது கண்டோர் அஞ்சி ஓடினர். அதனைக் கேட்ட அம்மையார், தேவர் தலைவன் தம்மை அறிவானாயின், உண்மை அறியாத மாந்தர்க்குத் தாம் எவ்வடிவினராய்த் தோன்றினும் என்னை என்று கருதினர் எனச் சேக்கிழார் அருளினார். ஒருவர் யார் என்பதைத் துணிதற்கு உரியவர் யாவர் என்னும் வினாவிற்கு இதனினும் தெளிந்த விடை வேண்டுமோ? காண்பார் கண் அதற்கு அளவையன்று. அறிவான் அறிவே அளவை.

கயிலையில் உமையம்மையார் இவ்வென்புடம்பினரின் அன்பை வியந்து வினவ, இறைவன், இவர் நம்மைப் பேணும் அம்மை என்றும், இவ்வடிவு இவர் வேண்டிப் பெற்றது என்றும் கூறி, அருகணைந்த அவரை அம்மையே என அழைத்தருளினான். அவர் அப்பா என்று அடிவீழ்ந்தனர். பிறவாத பெருமானுக்குத் தாய் இல்லை. தாயில்லாதவன் தாய் என அழைத்தது மகப்பெறாத ஒருவரை. பெற்றதனால் வரும் முறை அன்று அது. பேணியதனால் வந்த முறை. உலகில் பெண்ணுக்கு உரியதாக வழங்கும் சொற்களுள் தலைசிறந்ததொன்றை இறைவன் தேர்ந்தளித்தான். பெண்மை தடையாயின் அச்சொல்லை ஏன் தேர்ந்தான்? ஊனும் அழகும் கழிந்து என்பே எஞ்சிய உருவினைக் கண்டு, அதற்கு அவன் இட்ட பெயர் பெண்பெயரே அன்றோ!

இதனோடு மூத்த திருப்பதிகத்தின் மற்றொரு காட்சியையும் வைத்து எண்ணுதல் வேண்டும். சுடுகாட்டுப் பேயொன்று தன் மகவுக்குக் காளி எனப் பெயரிட்டுச் சீராக வளர்க்கின்றது; மேலிற் படிந்த புழுதியைத் துடைக்கின்றது; பாலூட்டிவிட்டு அகல்கின்றது. போன தாய் மீளாமை கண்டு அக்குழந்தை அழுது அழுது உறங்கிப்போகின்றது. அக்காட்டிலேதான் இறைவன் ஆடுகின்றான். அஞ்சத்தக்க இடத்தின் நடுவே தாய்மையையும் குழந்தையின் அழுகையையும் கண்டவர் அம்மையார். பரமதத்தன் மகளுக்கு இடப்பட்ட பெயரைச் சேக்கிழார் கூறினார். பேய்மகவுக்கு இடப்பட்ட பெயரை அம்மையார் தாமே கூறினார். சேக்கிழார் காட்டிய மனையகத்தினும் அம்மையார் காட்டிய சுடுகாட்டினும் ஒரு குழந்தைக்குப் பெயர் கிடைக்கின்றது. இல்லறத்தை வெறுத்து ஓடிய உள்ளம் இங்ஙனம் பாடுமோ என்பதைக் கற்பாரே துணிக.

முடிபு

கூறியவற்றைத் தொகுத்து நோக்குவாம். புனிதவதி என்பது பெற்றோர் இட்ட பெயர். அது வேறொரு குழந்தைக்குச் சென்றது. பேய் என்பது தாமே கொண்ட பெயர். அதனைத் தம் பாடலின் முத்திரையாகப் பொறித்தனர். அம்மை என்பது இறைவன் இட்ட பெயர்; அதுவே இன்றளவும் நம் நாவில் நிற்கின்றது. முதற்பெயர் வினையின்வழி வந்தது, இரண்டாவது அன்பின்வழி வந்தது, மூன்றாவது அருளின்வழி வந்தது. மூன்று பெயருக்கும் உரிய உயிர் ஒன்றே.

அம்மையார் தலையால் நடந்த தலமென்று அஞ்சித் திருஞானசம்பந்தப் பிள்ளையார் திருவாலங்காட்டை மிதித்தற்குத் தயங்கி அருகிலுள்ள பதியில் தங்கினர் எனச் சேக்கிழார் கூறுவர். ஞானப்பாலுண்ட பிள்ளையாரே மிதிக்க அஞ்சிய மண்ணை உடையவர் நம் அம்மையார். அவர் வரலாற்றை மாங்கனியோடு தொடங்கி மாங்கனியோடு முடித்தலும், பெண்பாலார்க்கு அச்சமூட்டும் கதையாக ஆக்குதலும் நமக்குத் தகா. காரைக்காலில் ஆண்டுதோறும் ஆனித் திங்களில் மாங்கனித் திருவிழா நிகழ்கின்றது. அவ்விழாவில் கனி இறைக்கப்படும் அளவு அம்மையாரின் 143 பாடல்களும் ஓதப்படுமாயின் நன்று. திருமடங்களிலும் சைவ அவைகளிலும் அம்மையார் புராணம் சொல்லப்படும் நாளில், மூத்த திருப்பதிகங்கள் இரண்டும் தத்தமக்குரிய நட்டபாடையினும் இந்தளத்தினும் முன்னர் ஓதப்பெறுக. அவர் தம்மைப்பற்றித் தாமே கூறியதைக் கேட்ட பின்னரே, அவரைப்பற்றிப் பிறர் கூறியதை விரித்தல் முறையாம்.

அன்று எம்மை வினவிய மாணவிக்கு யாம் கூறவேண்டிய விடை இதுவே. அருள் பெறுதற்குப் பெண்மை தடையன்று. ஆண்மை துணையும் அன்று. சுமந்த பொறுப்பு முடிந்தவிடத்து அம்மையார் சுமையை இறக்கினர், தம்மை இழந்திலர். தம்மை அறிந்தவன் முன் சென்று நின்றனர். அவன் அவரை அம்மையே என்றான். இவ்விடை அவரைச் சென்று சேருமாயின் எம் கடன் ஒருவாறு தீரும்.

திருச்சிற்றம்பலம்.